பெரிய டயரும் டீசல் கணக்கும்

திருப்பத்தூர் மாவட்டத்தில் தோல் தொழிலின் அன்றாட ஓட்டம் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளை நம்பியே இருக்கிறது. உப்பிட்ட பச்சைத் தோல், டேனரிக்குப் போகும் சுண்ணாம்பு, ரசாயன மூட்டைகள், பதனிட்ட வெட் ப்ளூ, தையல் கூடங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் அப்பர் கட்டுகள் எல்லாம் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் சென்னைப் பெரியமேட்டுக்கும் இடையே இந்த வண்டிகளில்தான் ஏறி இறங்குகின்றன. டயர் தேய்ந்து புது டயர் வாங்கப் போகும்போது, ‘ஒரு சைஸ் கூட்டிப் போட்டுக்கலாமே, வண்டி எடுப்பா இருக்கும், மேடு பள்ளத்துல இடிக்காது, மைலேஜும் ஏறும்’ என்று கடையில் ஒரு யோசனை வரும். இந்த மூன்றில் முதலாவது அவரவர் ரசனை. மற்ற இரண்டையும் கணக்குப் போட்டுச் சரிபார்த்துவிடலாம். அப்படிப் பார்த்தால், பாரம் ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு இந்த மாவட்டத்துச் சாலைகளில் கம்பெனி கொடுத்த அளவே லாபம் என்பது தெளிவாகும். அந்த முடிவு எப்படி வருகிறது, எந்த இடத்தில் அதற்கு விலக்கு உண்டு என்பதுதான் இந்த அத்தியாயம்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்திலிருந்து தொடங்குவோம். 215/75 ஆர்15 என்று இருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 161 மில்லிமீட்டர். உள்ளே உட்காரும் டிஸ்க்கின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச் சுவர் இருப்பதால் 161.25-ஐ இரண்டால் பெருக்கி 381-உடன் கூட்டினால் டயரின் முழு விட்டம் 703.5 மில்லிமீட்டர். இதே டிஸ்க்கில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733.5 மில்லிமீட்டர். வித்தியாசம் 30 மில்லிமீட்டர், விழுக்காட்டில் 4.3. இன்னும் ஆசைப்பட்டு, ஜீப் பிரியர்கள் போடும் 31 அங்குல டயருக்குப் போனால் விட்டம் 787 மில்லிமீட்டர், கூடுதல் 12 விழுக்காடு. உங்கள் வண்டியின் அளவு வேறாக இருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டியோடு தந்த கையேட்டிலோ அது இருக்கும். அந்த எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இந்த விழுக்காட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

மீட்டர் காட்டும் கிலோமீட்டர்

பெரிய டயர் போட்டவர்களிடம் மைலேஜ் பற்றிக் கேட்டால் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் டயர் அல்ல, மீட்டர். ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரமோ கியர்பாக்ஸின் வெளித் தண்டோ சுற்றும் சுற்றுகளை எண்ணி, கம்பெனி டயரின் சுற்றளவால் பெருக்கிக் காட்டுகிறது. டயர் 4.3 விழுக்காடு பெரிதானால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அவ்வளவு கூடுதலாக நகர்கிறது. மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரில் 100 ஓடியிருந்தால் உண்மையில் 104.3 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பழைய டயரில் 40 லிட்டருக்கு 500 கிலோமீட்டர் ஓடிய வண்டி, பெரிய டயரில் அதே 40 லிட்டருக்கு மீட்டரில் 455 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12.5 கொடுத்த வண்டி 11.4-க்கு இறங்கிவிட்டது, 9 விழுக்காடு போய்விட்டது என்று உரிமையாளர் பதறுவார். ஆனால் 455-ஐ 1.043-ஆல் பெருக்கினால் உண்மைத் தூரம் 474 கிலோமீட்டருக்கு மேல், மைலேஜ் 11.9. இழப்பு 5 விழுக்காடுதான். மீதி நான்கும் மீட்டரின் பிழை. டயர் மாற்றியவர் முதலில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மைலேஜைப் பற்றிச் சொல்லும் எந்தச் சொல்லுக்கும் மதிப்பில்லை.

திருத்த எண்ணைச் சூத்திரத்தைவிடச் சாலையில் கண்டுபிடிப்பது நல்லது. பாரம் ஏறியதும் டயர் கொஞ்சம் அமுங்குவதால், உருளும் சுற்றளவு தாளில் போடும் கணக்கைவிடச் சில விழுக்காடு குறையும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். சக்கரம் சரியாக ஒரு சுற்றுச் சுற்றி டயரின் கோடு மீண்டும் தரையைத் தொடும் வரை வண்டியை நேராகத் தள்ளி, இரண்டு இடத்துக்கும் இடையே டேப் பிடியுங்கள். பழைய டயர் கழற்றுவதற்கு முன்பு ஒரு முறை, புது டயர் போட்ட பிறகு ஒரு முறை, அதே லோடோடு, அதே காற்றழுத்தத்தில் அளக்க வேண்டும். புது அளவைப் பழைய அளவால் வகுத்தால் திருத்த எண் கிடைத்துவிடும். இதைச் சரிபார்க்க நம் மாவட்டத்தில் நல்ல வசதி இருக்கிறது: சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையான என்.எச். 48, ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வழியாகவே போகிறது. அதன் கிலோமீட்டர் கற்களில் 20 கல் தூரம் ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டால் போதும்.

மீட்டர் குறைத்துக் காட்டுவது வருமானத்தையும் தொடும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, ஓடோமீட்டரைப் பார்த்துக் காசு வாங்கும் வண்டி மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால், 4.3 விழுக்காடு பெரிய டயரில் மீட்டர் 2,877 என்றுதான் காட்டும். 123 கிலோமீட்டர் இலவசமாக ஓடியதாகிறது. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,460 ரூபாய். இன்ஜின் ஆயில் மாற்றும் கெடுவும் இதே அளவுக்குத் தள்ளிப்போகும். வேகமானியும் அப்படியே. அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதற்காகக் கம்பெனிகள் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கின்றன. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. 31 அங்குல டயரில் அது முழுக்கத் தீர்ந்து, முள் 80-இல் நிற்கும்போது வண்டி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கக்கூடும். சரக்கு வண்டிகளுக்கு நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் என்று மத்திய அரசு 2018-இல் வரம்பு வைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டீசல் எங்கே போகிறது

திருத்தம் செய்த பிறகும் மிஞ்சும் இழப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் டயரின் எடை. இதில் உண்மை உண்டு: ஓரத்தில் சுற்றும் எடையை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், ஆகவே வேகமெடுக்கும்போது அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கனக்கும். ஆனால் சக்கரத்துக்கு 4 கிலோ கூடினால் நான்குக்கும் 16 கிலோ. இரட்டிப்பாகவே எடுத்தாலும் 32 கிலோ. லோடோடு 3,000 கிலோ இருக்கும் வண்டியில் அது ஒரு விழுக்காட்டைச் சுற்றித்தான். காலி வண்டியை ஊருக்குள் நின்று நின்று ஓட்டுபவருக்கு இது பொருட்டு. லோடு வண்டிக்குப் பெரிய குற்றவாளி வேறு.

அது உருளும் தடை. டயர் தரையில் அமுங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடு டீசலிலிருந்து வந்ததுதான். விட்டம் கூடுவது மட்டும் இந்தத் தடையைக் கூட்டாது, சற்றுக் குறைக்கவும் செய்யும். ஆனால் அளவு கூட்டுபவர்கள் பெரும்பாலும் கூடவே ஆழமான பட்டன் வைத்த டயராகவே எடுக்கிறார்கள். உயரமான, இடைவெளி விட்ட பட்டன்கள் தரையைத் தொடும்போது நெளிகின்றன. நெளியும் ரப்பர் கூடுதலாகச் சூடாகிறது. சாதாரண டயரில் தடை வண்டி எடையில் நூற்றில் ஒரு பங்கு என்றும், பட்டன் டயரில் அதைவிட 20 விழுக்காடு கூடுதல் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 கிலோ வண்டிக்கு 100 கிலோமீட்டரில் கூடுதலாகத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 6 மெகா ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகா ஜூல் இருந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்பதால், 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூடுதலாகக் கரைகிறது. 8 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு அது 6 விழுக்காடு. மாதம் 3,000 கிலோமீட்டருக்கு 14 லிட்டருக்கு மேல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பயணிகள் வண்டிகளில் உருளும் தடை 10 விழுக்காடு குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 விழுக்காடு ஏறும் என்று கணித்தது. கார்களைவிடப் பாரமாக, நிதானமாக ஓடும் பிக்கப்பில் உருளும் தடையின் பங்கு கூடும்; ஆகவே நம் கணக்கு அந்தக் கணிப்பைவிடச் சற்று மேலே இருப்பது இயல்பே.

‘டயர் பெரிதானால் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும், குறைவாகச் சுற்றினால் டீசல் மிச்சம்தானே?’ என்பது அனுபவமுள்ள ஓட்டுநர்களே வைக்கும் வாதம். அதை ஒதுக்கிவிட முடியாது. பெரிய டயர் போடுவது எல்லாக் கியரையும் கொஞ்சம் உயர்த்துவதற்குச் சமம். காலி வண்டி, சமதளம், ஒரே சீரான வேகம், கூடவே பழைய பட்டன் வகையே என்றால் சிறு மிச்சம் கிடைக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் எந்தச் சுற்றில் இன்ஜின் நன்றாக இழுக்கும் என்று பார்த்துத்தான் கம்பெனி கியர் விகிதத்தைப் பாரத்தோடு பொருத்துகிறது. டர்போ டீசல் இன்ஜினில் முழு இழுவை ஒரு குறிப்பிட்ட சுற்று எல்லைக்குள் மட்டுமே கிடைக்கும். அதற்குக் கீழே இறங்கினால் டர்போ எழும்பாது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் புகைதான் வரும். டயர் பெரிதாகும்போது சக்கரத்தின் இழுவை அதே விகிதத்தில் குறைகிறது. டாப் கியரில் ஏற வேண்டிய மேம்பாலத்துக்கு நான்காவதுக்கு இறங்க வேண்டிவரும். மேட்டுக்கு மேடு இப்படி இறங்கினால் சமதளத்தில் மிச்சப்படுத்தியது அங்கேயே போய்விடும்.

இதன் கடுமை ஏலகிரி ஏறும்போது புரியும். பொன்னேரியில் தொடங்கும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். 3,000 கிலோ வண்டியை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, என்ன டயர் போட்டாலும், கால் லிட்டர் டீசல் வேண்டும். அதை எந்த டயரும் குறைக்காது. ஆனால் வளைவில் வேகம் செத்த பிறகு மீண்டும் எடுக்கும் இடத்தில் வித்தியாசம் தெரியும். கம்பெனி டயரில் இரண்டாவது கியரில் எழும்பும் வண்டி, பெரிய டயரில் முதல் கியர் கேட்கும். ஓட்டுநர் கியரை மாற்றாமல் கிளட்சை அரைமிதியில் வைத்து இழுப்பார். கிளட்ச் தட்டு தேயும் செலவு மைலேஜ் கணக்கில் வராது, ஆனால் உரிமையாளரின் பையிலிருந்துதான் போகும். இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பிரேக் அப்படியே இருக்க, டயரின் ஆரம் கூடினால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை குறைகிறது. கியரும் உயர்ந்துவிட்டதால் இன்ஜின் பிடித்து நிறுத்தும் வலுவும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து பிரேக் லைனரைச் சூடாக்கும். லோடோடு மலை இறங்கும் வண்டியில் இதை வைத்துச் சோதனை செய்யக்கூடாது.

தரை இடைவெளி என்ற நியாயம்

ஏற்றுக்கொள்ள வேண்டிய வாதம் ஒன்று உண்டு. திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கத்து ஊர்களுக்குப் போகும் வண்டிகள், தார்ச்சாலை முடிந்த பிறகும் கல்லும் சேறுமான பாதையில் புளியும் சாமையும் ஏற்றி வர வேண்டியிருக்கிறது. பின்னச்சு ஒரே தண்டாக இருக்கும் பிக்கப்பில் மிகத் தாழ்ந்த இடம் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங் பட்டைகளை உயர்த்தினாலும் அது உயராது. அதை உயர்த்த டயரின் ஆரத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. ஆனால் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். விட்டம் 30 மில்லிமீட்டர் கூடினால் உருண்டை உயர்வது பாதி, அதாவது 15 மில்லிமீட்டர். கல்லில் இடிக்கும் வண்டியை அது காப்பாற்றுவது அரிது. 31 அங்குல டயரில் 42 மில்லிமீட்டர் கிடைக்கும். ஆனால் அப்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசும், டிஸ்க் மாற்ற வேண்டும், மேலே சொன்ன இழுவை, பிரேக் இழப்புகள் மும்மடங்காகும். தினமும் அந்தப் பாதையிலேயே ஓடுபவருக்கு நல்லது, கம்பெனி அளவிலேயே மண்பாதைக்கு ஏற்ற பட்டன் உள்ள லோடு டயர். டீசல் கொஞ்சம் கூடும். அது தெரிந்தே கொடுக்கும் விலை. வாரத்துக்கு ஒரு முறை மலை ஏறி, மற்ற நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு அந்த விலை தேவையில்லை.

‘அகல டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும்’ என்பதும் பாதி உண்மை. காய்ந்த சாலையில் அகலம் உதவலாம். தேங்கிய தண்ணீரில் அகல டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம். அது மிதக்கத் தொடங்கும் வேகம் குறைவு. மழையில் உயிரைக் காப்பது பட்டன் பள்ளத்தின் ஆழம். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் சட்டப்படியே ஓடத் தகுதியற்றது.

அளவைவிட முக்கியம் பாரக் குறியீடு. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அது: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. எஸ்யூவி கார்களுக்கான பெரிய டயர் பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும், சரக்கு வண்டிக்கான சிறிய டயரைவிடக் குறைந்த பாரக் குறியீடு கொண்டதாக இருக்கலாம். ஈரத் தோல் லோடு இதில் ஏமாற்றும் சரக்கு. உப்பும் ஈரமும் சேர்ந்து கனப்பதால், தொட்டியில் பாதி உயரம் இருக்கும்போதே வண்டியின் அனுமதி எடை எட்டிவிடும். அந்த லோடுக்குக் குறைந்த குறியீட்டு டயரைப் போட்டால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கும், சூடாகும், டீசல் குடிக்கும், கோடையில் நெடுஞ்சாலையில் வெடிக்கவும் செய்யும்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும்போது தரும் விவரங்களில் டயரின் எண்ணிக்கை, அளவு, ப்ளை மதிப்பு ஆகியவையும் உண்டு. பதிவில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி குறிப்பிட்டதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடாவருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் பழைய டயரை மாட்டி ஓட்டிப் போவது சிலர் கண்டுபிடித்த வழி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது அன்றைக்கு வண்டியில் இருந்த டயரைத்தான்.

அளவைத் தொடாமலே டீசல் மிச்சப்படுத்தும் இடம் காற்று. டயர்களில் சராசரியாக ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தால் மைலேஜ் 0.2 விழுக்காடு இறங்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குத் தரும் கணக்கு. 10 பவுண்டு குறைந்தால் 2 விழுக்காடு. தோல் வண்டிகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். உப்புத் தோலிலிருந்து வடியும் உப்புநீர் தொட்டிப் பலகை இடுக்கில் இறங்கி டிஸ்க்கில் விழுகிறது. டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு பிடித்துப் பொருக்குத் தட்டினால், ஆணி எதுவும் குத்தாமலே காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். பஞ்சர் கடையில் தொட்டித் தண்ணீரில் முக்கினால் விளிம்பு நெடுகிலும் சிறு குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். லோடு இறக்கியதும் டிஸ்க்கின் உட்புறத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுவதும், டயர் மாற்றும்போது விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து பெயின்ட் அடிப்பதும் காசில்லாத வைத்தியம். காலையில் டயர் சூடாவதற்கு முன்பு, அன்றைய லோடுக்குக் கம்பெனி சொன்ன அழுத்தத்தை வைத்து, வாரத்துக்கு ஒரு முறையாவது ஸ்டெப்னியோடு சேர்த்துப் பாருங்கள். முன்டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் உடனே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

அளவு மாற்றியே தீர வேண்டும் என்று நினைப்பவர் அதற்கு முன் ஒரு மாதம் கணக்கு எழுதட்டும்: ஒரே பங்க்கில் ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை, லோடு எடையோடும் வழித்தடத்தோடும். அந்த நோட்டு இல்லாமல் மாற்றினால் பிறகு லாபமா நட்டமா என்று சொல்ல ஆதாரமே இருக்காது. அச்சு முழுவதும் ஒரே அளவு இருக்க வேண்டும். பின்னச்சில் ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் பழைய ஸ்டெப்னியுமாக ஓட்டினால் டிஃபரன்ஷியல் பல்சக்கரம் ஓயாமல் உழைத்துத் தேயும். அரக்கோணத்தில் எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்பல்லோ என்று டயர் தயாராகும் ஆலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கம்பெனி அளவு கிடைக்கவில்லை என்ற சாக்கு இந்த மாவட்டத்தில் செல்லாது. கடைக்குப் போகும்போது ஆர்.சி.யை எடுத்துப் போங்கள். அளவு, பாரக் குறியீடு, ப்ளை, தயாரித்த வாரமும் வருடமும் ஆகிய நான்கையும் டயரில் நீங்களே வாசித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.